பட்டுக் கடை பேக்கர் கட்டிய மூட்டையோடு ஜவ்வாது மலைக்கு நான்கு நாள் சைக்கிள்

போன மார்கழி முதல் வாரம் நானும் சலீம் பாயும் காஞ்சிபுரத்திலிருந்து ஜவ்வாது மலைக்குச் சைக்கிளில் போய் வந்தோம். நான்கு நாள். மிதித்தது 205 கி.மீ., திரும்பும்போது வாணியம்பாடியிலிருந்து பஸ். மூட்டை முடிச்சைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகிற இந்தச் சமாச்சாரத்துக்கு பைக்பேக்கிங் என்று பெயராம். யூடியூப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும்.

வந்ததிலிருந்து பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள், எப்படி பிளான் பண்ணீங்க, எவ்வளவு செலவு, எங்கே தங்கினீங்க என்று. அதனால் எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போட்ட பிளானில் ஒரு பெரிய தப்பு இருந்தது. ஒரு நல்ல மனுஷன் உயிரே போயிருக்கும். அதை மூடி மறைத்துவிட்டு ரூட்டும் ரூம் வாடகையும் மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்பா காலம் வரைக்கும் தென்னேரிப் பக்கம் பயிர் வைத்தோம், இப்போது குடியிருப்பது செவிலிமேடு. மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் முதல் வாரம் கடை கொஞ்சம் மூச்சு விடும், தை முகூர்த்தத்துக்கான கூட்டம் அதற்கப்புறம்தான் அலைமோதும். சனி, ஞாயிறு லீவு கேட்டால் முதலாளி என்னை மேலும் கீழும் பார்ப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு பாய் ஊரில் இருந்தாக வேண்டும். ஆக திங்கள் கிளம்பி வியாழன் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

சலீம் பாய்க்கு ஐம்பத்தொரு வயது. ஒலி முகமது பேட்டையில் குஷன் கடை வைத்திருக்கிறார், ஆட்டோ சீட்டு, வேன் சீட்டு, கடைப் பந்தல் எல்லாம் தைப்பார். ஆறு வருஷமாக விடியற்காலையில் அவரும் நானும் தென்னேரி ஏரிக்கரை வரை சைக்கிளில் போய் வருகிறோம். நான் சட்டென்று எரிந்து விழுகிற ஆள். அவர் அப்படியே எனக்கு நேர்மாறு. பஞ்சர் ஆனால் நான் டியூபைத் திட்டிக்கொண்டிருப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கதை சொல்லிக்கொண்டே ஒட்டி முடித்துவிடுவார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு, எட்டு வருஷமாக இன்சுலின் ஊசி. ரெண்டு வருஷம் முன்னால் கடையில் தைத்துக்கொண்டிருந்தவர் சர்க்கரை இறங்கி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள். அதிலிருந்து பாபி, அதாவது அவர் மனைவி, அவரை ஊர் எல்லை தாண்ட விடுவதில்லை. சென்னைக்கு ரெக்சின் வாங்கப் போவதென்றாலும் மகன் கூடப் போக வேண்டும். தென்னேரிக்குக் கூட நான் வந்தால்தான் அனுமதி. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், ஆம்புலன்ஸில் பாய் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் அவர்.

அதனால் மலைக்கு அனுமதி வாங்கவே ஒன்றரை மாதம் ஆனது. பாய் டாக்டரிடம் போனார். சைக்கிள் மிதிக்கிற நாளில் காலை ஊசி எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ண வேண்டும் என்று எழுதி வாங்கி வந்து பாபியிடம் கொடுத்தார். பாபி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டீ கொடுத்துவிட்டு, மருந்துப் பொறுப்பு உங்களுடையது அண்ணா, அவர் கையில் விட்டால் மறந்துவிடுவார் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். வெளியே வந்ததும் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குமாரு, இந்த ட்ரிப்புல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அவ்ளோதான்பா. அப்பறம் வூடு, கடை, வூடு, கடைன்னு நானு காலத்தை ஓட்டிற வேண்டியதுதான். தென்னேரி கூட கெடையாது.”

சரி, பிளானுக்கு வருவோம். ஜவ்வாது மலைக்குப் பல வழி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்வது செய்யாறு, ஆரணி, போளூர், அங்கிருந்து மலை ஏறி ஜமுனாமரத்தூர். போளூர் வரை சமவெளி, முதல் நாள் கால் பழகிவிடும். இறங்குவதற்கு ஆலங்காயம் வழி. டென்ட் எடுக்கவில்லை. காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க அனுமதி கிடையாது, வனத்துறையிடம் கேட்காமல் அந்த வேலை வேண்டாம். மலை மேல் ரூம் குறைவு, போன் பண்ணி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது பை. இதற்கென்றே விற்கிற பைகளின் விலையைப் பார்த்து நான் போனைக் கீழே வைத்துவிட்டேன், ஒரு செட்டு பதினான்காயிரம். பாய் சிரித்தார். லாரித் தார்ப்பாய் வாங்கி, போட்டோவைப் பார்த்தே மூன்று ராத்திரியில் ரெண்டு செட்டு தைத்துவிட்டார். சீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒன்று, ஹேண்டில்பாரில் உருளையாக ஒன்று, நடுவில் முக்கோணமாக ஒன்று. துணி 1,350, பக்கிளும் ஜிப்பும் 540. ரெண்டு செட்டுக்கும் சேர்த்து 1,890 ரூபாய். தையல் ஒவ்வொன்றும் மூன்று ஓட்டு, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தடவை. தண்ணீர்க் குழாயைத் திறந்து அடியில் பிடித்துக் காட்டினார், உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆறு மாதக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார், மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

தைத்தது அவர், அடுக்கியது நான். இங்கேதான் கோளாறு.

எங்கள் கடையில் வெளியூருக்கு மூட்டை கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. விலை கூடின முகூர்த்தப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி நட்ட நடுவில் வைப்போம். அதைச் சுற்றி விலை குறைந்த புடவைகள். அதன் மேல் அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் கோணி, கடைசியாகக் கயிறு. லாரி ஷெட்டில் கொக்கி போட்டு இழுப்பார்கள், மழையில் போடுவார்கள், மேலே ஏறி உட்காருவார்கள். எது நடந்தாலும் அடி வாங்குவது வெளியே இருப்பதுதான், நடுவில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. போட்ட முடிச்சு போய்ச் சேருகிற இடத்தில் கத்தி வைத்து அறுத்தால்தான் அவிழும். பத்தொன்பது வருஷத்தில் என் மூட்டையில் ஒரு புடவை கூட பாழாகி வந்ததில்லை.

பாயின் பின்பையையும் அப்படியே கட்டினேன். இன்சுலின் பேனா, சர்க்கரை பார்க்கிற மெஷின், நாலு பாக்கெட் குளுக்கோஸ், கடலை மிட்டாய் எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவில். டப்பாவைத் துண்டில் சுற்றி நடுவில் வைத்து, சுற்றிலும் அவர் துணிமணி, போர்வை, தொழுகைப் பாய், மேலே மழைக் கோட்டு. பக்கிள் மாட்டியது போதாதென்று எங்கள் கடை முடிச்சும் ஒன்று போட்டேன். மருந்தெல்லாம் எங்கே என்று பாய் கேட்டார். நடுவில் பத்திரமாக இருக்கிறது என்றேன். அவருக்குத் திருப்தி. பாபியும் அதையே கேட்டார், அதே பதிலைச் சொன்னேன், அவர் முகம் தெளிந்துவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால், “யோவ், அவசரம்னா எப்படிய்யா எடுப்ப?” என்று கேட்டிருப்பான். பட்டு மூட்டையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

திங்கட்கிழமை ஃபஜர் தொழுகை முடித்துவிட்டு பாய் செவிலிமேட்டுக்கு வந்தார். 5:45க்குக் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது, மழை முடிந்த சமயம் என்பதால் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் கூட இருந்தது. செய்யாறில் டிபன், 11 மணிக்கு ஆரணி, சாப்பாடு, வெயில் தாழ மூன்று மணிக்கு மேல் மறுபடி கிளம்பி 5:15க்கு போளூர். என் மீட்டரில் 91 கி.மீ. ரோடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, ஆரணி தாண்டி கொஞ்ச தூரம் மட்டும் மழையில் அரித்த பள்ளங்கள். லாட்ஜ் டபுள் ரூம் 700 ரூபாய், வெந்நீர் வாளிக்குத் தனியாக 20.

வழியில் பண்ண வேண்டிய டெஸ்டை, மூட்டையை அவிழ்க்கச் சோம்பல்பட்டு ரூமுக்குத் தள்ளிப்போட்டிருந்தோம். ரூமில் டப்பாவை வெளியே எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. முடிச்சு, கோட்டு, போர்வை, துணி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மறுநாள் காலை ஊசி போட்டு முடித்ததும் மறுபடி அதேபோலக் கச்சிதமாகக் கட்டிவிட்டு, பார்த்தீர்களா பாய், நேற்றைவிட டைட்டு என்று பீற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 6:30க்கு டிபன் கடைக்குப் போனோம். இட்லி மட்டும்தான் ஆகியிருந்தது, பொங்கலுக்கு அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். வெயிலுக்கு முன்னால் மலை ஏறிவிடலாம், அடிவாரத்தில் ஒரு கடை இருக்கிறது, அங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று அவசரப்படுத்தியது நான்தான். பாய் ரெண்டு இட்லியோடு எழுந்தார். அடிவாரத்துக் கடை பூட்டியிருந்தது. அவர் சட்டை ஜோப்பில் பேரீச்சம்பழம் வைத்திருந்தார். அதைத் தின்றுகொண்டே ஏறலாம் என்றார். ஒரு பத்துப் பழம் இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதில் நாலு நான் தின்றேன்.

ஏற்றம் ஆரம்பித்ததும் ஊரே மறந்துபோகிறது. ரெண்டு பக்கமும் காடு, ரோட்டில் பனி, கீழே போளூர்ப் பக்கத்து ஏரிகள் தகடு தகடாகத் தெரிகின்றன. பாய் முன்னால் போனார். வளைவுக்கு வளைவு நின்று எனக்காகக் காத்திருந்து, “வாப்பா, வாப்பா” என்று கையாட்டினார். ரெண்டு வருஷமாக நான் பார்க்காத சலீம் பாய் அவர்.

போளூரிலிருந்து 27வது கிலோமீட்டர், மணி 10:20. ஒரு வளைவில் நின்றிருந்தவர் நான் பக்கத்தில் போனதும், “டேய், எவ்ளோ நேரம்டா?” என்று கத்தினார். ஆறு வருஷத்தில் என்னை ஒரு தடவை டேய் போட்டதில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் என்ன உங்கள் கடை ஆளா என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தார்.

“மெஷினை நிறுத்து குமாரு. ஓடிக்கினே இருக்குது பாரு.”

அங்கே ஏது தையல் மெஷின். காற்றுச் சத்தம்தான்.

பாய்ந்துபோய் பின்பையைப் பிடித்தேன். நான் போட்ட முடிச்சு. காலைப் பனியில் கயிறு வேறு ஊறி இறுகியிருந்தது. விரலால் ஆகவில்லை, பல்லால் கடித்தேன், அதுவும் ஆகவில்லை. முன்பையில் கத்தி இருப்பது ஞாபகம் வந்து எடுத்து வந்து, முடிச்சை விட்டுவிட்டு பையின் வயிற்றிலேயே குத்திக் கிழித்தேன். அந்தத் தார்ப்பாய் லேசில் கிழிகிற ஜாதியா? மூன்று ஓட்டுத் தையல் வேறு. நான் கத்தியைப் போட்டு இழுக்கிறேன், அந்தப் பக்கம் அவர் தலை மெல்லச் சாய்கிறது.

அப்போது கீழேயிருந்து ஒரு டிவிஎஸ் 50 ஏறி வந்தது. மலை ஊர்க்காரப் புருஷன் பொண்டாட்டி, கீழே மகள் வீட்டுக்குப் போய்விட்டு மளிகையோடு திரும்புகிறார்கள். அந்தம்மா வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கினாள். சர்க்கரை இறங்கிருச்சும்மா, சர்க்கரை, சர்க்கரை என்று மட்டும்தான் எனக்குச் சொல்ல வந்தது. அவள் வண்டி ஹேண்டிலில் தொங்கிய மஞ்சள் பையில் கைவிட்டு, சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, அவர் கன்னத்தைப் பிடித்து, “முழுங்கு, முழுங்குண்ணா, ஆங், அப்டித்தான்” என்று கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டாள். அவளுடைய புருஷன் பின்னால் உட்கார்ந்து பாயைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். நல்லவேளையாக பாய்க்கு முழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது. நான் டப்பாவோடு ஓடி வந்தபோது அவர் மூன்று வாய் முழுங்கியிருந்தார்.

அந்தம்மா டப்பாவைப் பார்த்தாள், சுற்றிய துண்டைப் பார்த்தாள், ரோடெல்லாம் இறைந்து கிடந்த துணியைப் பார்த்தாள்.

“இன்னாண்ணா இது? உசுரு போறவனுக்கு குடுக்கறத இத்தினி கட்டு கட்டியா வெப்ப?”

திட்டவில்லை அவள். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மெஷினில் பார்த்தபோது 52. குளுக்கோஸ் கலந்து கொடுத்தேன், கடலை மிட்டாய் கொடுத்தேன், அவர்கள் ரெண்டு வாழைப்பழம் கொடுத்தார்கள். இருபது நிமிஷம் கழித்து 97. பாய் என்னைப் பார்த்து, ஏன்பா அழுவுற என்று கேட்டார். டேய் போட்டது அவருக்கு ஞாபகமே இல்லை. மல்லிகா என்று அந்தம்மா பேர். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே 9 கி.மீ. தள்ளி அவர்கள் ஊர், நாளைக்கு அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று வழி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். திரும்பிவிடலாம், ஒரு வண்டி பிடிக்கிறேன் என்றேன். முடியாது என்றார். பாபிக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். அவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கப் பார்த்தார். சொன்னால் இன்றோடு எல்லாம் முடிந்தது என்றார், கண் கலங்கிவிட்டது. எனக்கும் அது தெரியும். ஆனால் பாபி பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார், தப்பும் என்னுடையது, மறைத்துவிட்டு மறுபடி அந்த வீட்டு டீயை நான் எப்படிக் குடிப்பது? கடைசியில், அவரே சொல்லட்டும், என் தப்பை நான் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டோம். சிக்னலுக்காக இன்னொரு வளைவு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம்.

பாய் எல்லாவற்றையும் சொன்னார், ரெண்டு இட்லியிலிருந்து. பாபி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். மூட்டை கட்டியது நான், நடுவில் வைத்தது நான், முடிச்சுப் போட்டது நான் என்றேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். பத்து நிமிஷம். பாய் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, செயினைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டும், ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை டெஸ்ட், நூறுக்குக் கீழே போனால் வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதை வரிசையாக ஒப்பித்தார். பிறகு கேட்டார்.

“மேல ஏர்றதுக்கு இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது அண்ணா?”

“பதினஞ்சு கிலோமீட்டர் பாபி.”

“சரி. ஏறிட்டு போன் பண்ணுங்க.”

ஏறினோம். பாதி மிதித்து, பாதி தள்ளி. அரை மணிக்கு ஒரு தடவை விரலைக் குத்தி, நம்பரைப் பார்த்து, ஒரு வாய் தின்று. 15 கி.மீ.க்கு நான்கேகால் மணி நேரம். ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால் ஆகிவிட்டது. ரூம் ஒரு நாளைக்கு 900. பாய் என்னைக் கோணி ஊசியும் சணலும் வாங்கி வரச் சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கிழித்த பையைத் தைத்தார். வயிற்றில் ஆபரேஷன் பண்ணின தழும்பு மாதிரி இருக்கிறது இப்போது. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமை கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிக்கொண்டு மல்லிகா ஊருக்குப் போனோம். போக வர, அருவிப் பக்கம் ஒரு சுற்றோடு சேர்த்து 24 கி.மீ., பெரும்பாலும் மண் ரோடு. மழைக்குப் பிறகு சேறு டயரில் அப்பிக்கொள்கிறது, அகலமான டயர் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். சாமை அறுப்பு முடிந்து களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கு இதெல்லாம் என்று கடிந்துகொண்டுதான் மல்லிகா சர்க்கரையை வாங்கினாள். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். பாய் சாப்பிடுவதற்கு முன்னால் டெஸ்ட் பண்ணுவதைப் பார்க்க வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள், அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஆலங்காயம் 31 கி.மீ., வாணியம்பாடி இன்னும் 17. பெரும்பாலும் இறக்கம், பிரேக் கட்டையை ஊரிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். வாணியம்பாடியில் பஸ் கண்டக்டரிடம் தன்மையாகக் கேட்டால் சைக்கிளைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறார்கள், ஆளுக்கு 125, சைக்கிளுக்கும் அதே 125. காஞ்சிபுரத்துக்கு வெளியே வெள்ளைகேட்டில் இறங்கி வீட்டுக்கு மிதித்தோம். பை தவிர்த்து ரெண்டு பேருக்கும் தங்கல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து 5,100 ரூபாய்க்குள் முடிந்தது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரூட்டை யார் வேண்டுமானாலும் போடலாம், போனே போட்டுக் கொடுத்துவிடும். கூட வருகிறவருக்கு என்ன உடம்பு, அவசரத்துக்கு அவருக்கு என்ன வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அது அவரிடம் ஒரு பங்கு, உங்கள் சட்டை ஜோப்பில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுவதற்குள் எடுக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் சாந்தமாக இருக்கிறவர் திடீரென்று எரிந்து விழுந்தால் பதிலுக்குச் சண்டை போடாதீர்கள், முதலில் சர்க்கரையைப் பாருங்கள். அடியோடு நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் போடக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான், இதை டாக்டர் எனக்கு ரெண்டு தடவை சொன்னார். ஏற்றத்துக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பொங்கல் வர அரை மணி ஆகும் என்றால் அரை மணி உட்காருங்கள், மலை எங்கேயும் போய்விடாது.

பாய் வீட்டுக்கு நான் கூடவே போனேன். திட்டு விழுந்தால் பாதி எனக்கு என்றுதான். பாபி வாசலில் நின்றிருந்தார். தையல் போட்ட பையைப் பார்த்தார், விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். இந்த ரெண்டு வருஷமாக பாய் எங்கே போய்விட்டு வந்தாலும், அது கடையோ தென்னேரியோ, அந்த வீட்டு வாசலில் மூன்றே கேள்விதான். சாப்பிட்டீங்களா, ஊசி போட்டீங்களா, எவ்வளவு இருக்கிறது. பாய் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “சாப்ட்டேன், போட்டேன், நூத்திப்பத்து” என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

பாபி அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

“மலை எப்டிங்க இருந்துச்சி?” என்று கேட்டார்.

வழி முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனுஷன் ஒற்றைச் செருப்போடு அப்படியே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.